மோல்தோகுலுக்கு ஏற்றிய இரண்டாவது பாட்டில்

அனார்கானின் பெட்டிக்குள் நீல வெல்வெட் மேலங்கி ஒன்று ஒரு வருஷமாகக் கிடந்தது. மோல்தோகுலை அடக்கம் செய்த மூன்றாம் நாள், அவருடைய பிள்ளைகள் ஊர் பார்க்க அவள் தோளில் போர்த்தியது அது. "எங்க அப்பாவைக் கடைசி மூச்சு வரைக்கும் விடாம பார்த்துக்கிட்டீங்க அக்கா" என்று சொல்லித்தான் போர்த்தினார்கள். துக்க வீட்டில் போர்த்தும் துணியை எங்கள் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் செத்தவரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அவளும் குனிந்து வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே நான்கு மெத்தைவிரிப்புகளை அடுக்கி வைத்தாள். அந்த மனிதர் செத்தது தன் கையால்தான் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இப்படிப் பட்டென்று சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அவளே இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருக்கிறாள், அதுவும் முந்நூறு பேர் முன்னால். அதற்கு வருகிறேன்.

எங்கள் தாஷ்-குங்கேய் கிராமத்துக்கு அவள் வந்தது இருபது வயதில். படிப்பு ஃபெல்ட்ஷர் படிப்பு. முழு டாக்டரும் இல்லை, வெறும் நர்ஸும் இல்லை, ஆனால் பிரசவத்திலிருந்து பல் வலி வரை எல்லாவற்றுக்கும் ஊர் ஓடுவது அவர்களிடம்தான். அப்போது கிர்கிஸ்தான் சோவியத்துக்குள் இருந்தது. எங்கள் ஊரில் இருபத்தைந்து கட்டில் போட்ட ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. கட்டில் காலியாகக் கிடந்தால் மாவட்டத்துக்காரர்கள் கட்டிலைக் குறைப்பார்கள். கட்டில் குறைந்தால் நிலக்கரி குறையும், ஆள் குறையும். அதனால் முதல் பனி விழுந்ததும் தலைமை டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "அனார், கட்டிலை நிரப்பிடு" என்பார். அவள் வீடு வீடாகப் போய்க் கிழடுகட்டைகளை அழைத்து வருவாள். அவர்களுக்கென்ன, சூடான அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பேச்சுத்துணை, தினம் ஒரு பாட்டில் குளுக்கோஸ். நோய் இல்லாதவர்களுக்கு நோய் எழுதும் வேலை அனார்கானுடையது. ஒருவருக்கு மூட்டு என்று எழுதுவாள், ஒருவருக்குத் தலைச்சுற்றல் என்று எழுதுவாள். போன வருஷம் மூட்டு எழுதியவருக்கு இந்த வருஷம் தலைச்சுற்றல்.

அந்த ஆஸ்பத்திரிதான் எங்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது. குளிருக்கு முன்னால் ஐந்து பாட்டில், பனி உருகும்போது ஐந்து பாட்டில். இரத்தத்தைக் கழுவுகிறோம் என்று பெயர். குதிரைக்கு லாடம் மாற்றுகிற மாதிரி எங்களுக்கு அது ஒரு பருவத்து வேலை.

சோவியத் போயிற்று, அதோடு நிலக்கரியும் போயிற்று. கடைசி வருஷங்களில் படுக்க வருகிறவர்கள் விறகையும் கூடவே கொண்டுவந்தார்கள். அப்போதுதான் தலைநகரத்திலிருந்து சீர்திருத்தம் வந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளை மூடுவது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயர் பதிவது, ஊரில் ஒரு சுகாதார நிலையம், நோய் வந்த பிறகு படுக்க வைப்பதைவிட வராமல் பார்ப்பது. பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி இதைச் சொன்னார்கள். ஊர் கொதித்தது. "இங்கே வேலை பார்க்கிறவங்க யாராவது பேசுங்க" என்று அதிகாரி கேட்டபோது அனார்கான் எழுந்தாள்.

"இந்தக் கட்டில்ல படுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு நோயே கிடையாது. எழுதினது நான்தான். மூடறதுதான் சரி" என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் பேசியது சத்தியம். ஆனால் சத்தியத்தைக் கேட்க அன்று அங்கே யாரும் வரவில்லை. அவள் பேசாவிட்டாலும் ஆஸ்பத்திரியை மூடியிருப்பார்கள். பேசிவிட்டதால் மூடியவள் அவள் என்றாகிவிட்டது. கடைத்தெருவில் பெண்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். "ஆஸ்பத்திரியைத் தின்னுட்டு எப்படி நடக்கிறா பாரு" என்று காதில் விழும்படியே பேசினார்கள். குளிரில் இரண்டு கிழவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவருக்கும் எண்பதைத் தாண்டிய வயது. அதையும் அவள் கணக்கில்தான் சேர்த்தார்கள். அவளும் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு நான்கு மாதம் தலைநகரத்தில் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் சினாரா என்ற டாக்டர். குட்டையான பெண்மணி, ஒரு வாக்கியத்தை இரண்டு முறை சொல்லமாட்டார். இரத்த அழுத்தம் பார்ப்பது, மாத்திரையைத் தலைவலிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் போட வைப்பது, பால் தேநீரில் உப்பைக் குறைக்கச் சொல்வது, இதெல்லாம் அங்கேதான் புதிதாகக் கற்றாள். பாட்டிலைப் பற்றி சினாரா ஒரே ஒரு தடவை சொன்னார்: "அதுல இருக்கிறது தண்ணி. நல்ல இதயத்துக்கு அது வீண், பலவீனமான இதயத்துக்கு அது விஷம். கால் வீங்கியிருந்தா கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. குழி விழுந்தா பாட்டில் பக்கமே போகாதீங்க." அனார்கான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

திரும்பி வந்து, பழைய ஆஸ்பத்திரியின் சலவை அறையை வெள்ளையடித்து நிலையமாக்கினாள். தேவையில்லாமல் ஊசி வேண்டாம், தேவையில்லாமல் பாட்டில் வேண்டாம் என்று சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டினாள். இரண்டு மாதம் யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. முதலில் வந்தவர் மோல்தோகுல்.

மோல்தோகுல் கூட்டுப்பண்ணையில் நாற்பது வருஷம் குதிரை மேய்த்தவர். சேணத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் வளைந்த மனிதர். சுவரொட்டியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது யாருக்கு அனார், எனக்கா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்தான் அண்ணே. பாட்டில்ல இருக்கிறது தண்ணிதான். அதை வாயால குடிச்சாலும் ஒண்ணுதான்."

"வாயால குடிச்சா குதிரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். இரண்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. "சரி, வீட்டுக்கு வந்து போடு. சுவத்துல ஒட்டினது சுவத்தோட இருக்கட்டும்" என்று அவரே வழியும் சொல்லிக்கொடுத்தார்.

போனாள். குதிரைச் சாட்டை தொங்கிய ஆணியில் சாட்டையை எடுத்துவிட்டு பாட்டிலை மாட்டினாள். அவர் மனைவி பூபுயிரா எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டுகளான போர்சோக்கை மேசை நிறையக் கொட்டி, தேநீர் ஊற்றி, "நீ நம்ம பொண்ணுதான்" என்றாள். செய்தி பரவியது. அடுத்த வாரத்திலிருந்து ஊர் அவளிடம் பேசத் தொடங்கியது. பகலில் நிலையத்தில் பாட்டில் வேண்டாம் என்று பாடம், பிறகு பையில் பாட்டிலோடு வீடு வீடாக. ஆஸ்பத்திரியை மூடியதற்கு அவள் ஊரிடம் கேட்ட மன்னிப்பு அது. எங்களுக்கும் இது வசதியாகத்தான் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

அதே நேரம், நல்லதும் நடந்தது. குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தாள். கர்ப்பிணிகளை மூன்றாம் மாதத்திலேயே பதிந்தாள். அழுத்தம் இருநூறு இருந்தவர்கள் மாத்திரைக்குப் பழகினார்கள். மாவட்டத்தில் எங்கள் நிலையம்தான் முன்மாதிரி என்று பேச்சாயிற்று. ஐந்தாம் வருஷம், அக்டோபரில், விருது என்று கடிதம் வந்தது. தேவையில்லாத பாட்டில் ஏற்றும் பழக்கத்தை ஒழித்ததற்காக என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்தபோது அவளுக்குக் காது சூடாயிற்று. ஆனாலும் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நாம் எல்லாரும் வைத்துக்கொள்வோம்.

விழா வெள்ளிக்கிழமை. மோல்தோகுலுக்குக் குளிருக்கு முந்திய பாட்டில்கள் செவ்வாயில் தொடங்கியிருந்தன. வியாழன் காலை அவள் போனபோது அவர் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் இருமல் வருகிறது என்றார். விரிப்பில் நீட்டியிருந்த காலில் காலுறையின் விளிம்பு பதிந்து, அதற்கு மேலே சதை புடைத்து நின்றது. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைப் பாட்டிலின் பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டைவிரலை வைத்து அழுத்தியிருந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் போடமுடியாது, போடாவிட்டால் ஏன் என்று விளக்க வேண்டும், மறுநாளைக்கு விழா. இவ்வளவும் ஒரு நொடியில் அவள் மனதில் ஓடியது. இதை அவளேதான் பிறகு சொன்னாள்.

"நாளைக்கு நான் ஊர்ல இருக்கமாட்டேன் அண்ணே. நாளைக்குப் போட வேண்டியதையும் சேர்த்து இன்னிக்கே போட்டுடறேன்" என்றாள்.

"ரெண்டா? அப்ப வசந்தகாலக் குதிரை மாதிரி ஓடுவேன்" என்றார் மோல்தோகுல்.

முதல் பாட்டில் முடிந்ததும் இரண்டாவதை மாட்டினாள். விழாவுக்கு உடுத்த வேண்டிய உடையை இன்னும் தேய்க்கவில்லை. "அக்கா, சொட்டுச்சொட்டா இறங்கட்டும். குழாய்ல இருக்கிற சக்கரத்தைத் தொடாதீங்க. முடிஞ்சதும் ஆளனுப்புங்க" என்று பூபுயிராவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். உடையின் கழுத்துப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

போய்ப் பார்த்தால் பாட்டில் காலி. மோல்தோகுல் விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிறார். வாயோரத்தில் இளஞ்சிவப்பு நுரை. அவள் ஊசியைப் பிடுங்கினாள், கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைத்தாள், பையில் இருந்த நீர் பிரியும் ஊசி மருந்து ஒன்றையும் போட்டாள். மாவட்ட ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். கணவாயில் பனி, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு மணி நேரம் அவர் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் மூன்று மணிக்கு, அவள் கைக்குள்ளேயே, அவர் போய்ச் சேர்ந்தார்.

இறப்புக் காகிதத்தில் இரத்த அழுத்தம், இதயம் என்று எழுதினாள். எழுபத்தொரு வயது, யார் கேட்கப் போகிறார்கள்? பாட்டில் ஏற்றியதை எழுதவில்லை. நோய் இல்லாதவர்களுக்கு நோய் எழுதிப் பழகிய கை, இப்போது நடந்ததை எழுதாமல் விட்டது. காலிப் பாட்டில்கள் இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போய் நிலையத்துக் கழிப்பறைக் குழியில் எறிந்தாள். கண்ணாடி உடைகிற சத்தத்துக்காகக் காத்து நின்றாள். கேட்கவில்லை.

அப்புறம்தான் துக்கம், வட்டக்கூடாரம், உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி, வெளியே கம்பை ஊன்றிக்கொண்டு "என் அப்பனே" என்று ஆண்களின் கதறல். அப்புறம் அந்த மேலங்கி. மூத்தவன் ரிஸ்பெக் மாஸ்கோவில் கட்டிட வேலை செய்கிறவன், பறந்து வந்திருந்தான். அவன்தான் போர்த்தினான். மேலங்கி தோளில் விழுந்தபோது அனார்கான் அழுத அழுகையைப் பார்த்து, சொந்தப் பெண்கூட இப்படி அழமாட்டாள் என்று ஊர் மெச்சியது.

விழாவுக்கு அவள் போகவில்லை. சினாராவே சான்றிதழைக் கொண்டுவந்து, சுவரொட்டிக்குப் பக்கத்தில் தன் கையாலேயே மாட்டிவிட்டுப் போனார். தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒரு வீட்டுக்கும் பாட்டிலோடு போகவில்லை. யார் கெஞ்சினாலும் இல்லை. "கை வராமப் போயிடுச்சா அனார்?" என்று கேட்டார்கள். "விருது வந்ததும் தலைக்கனமும் வந்திடுச்சு" என்றார்கள். அவள் ஏன் நிறுத்தினாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கீழூரில் ஒரு நர்ஸ் இருக்கிறாள், கேட்டால் கேட்ட நேரத்தில் வந்து போடுவாள். ஊர் அவளிடம் போயிற்று.

வருஷம் திரும்பியது. மோல்தோகுலின் ஆண்டு நினைவு விருந்து நெருங்கியது. முந்நூறு பேருக்குச் சமைக்க வேண்டும், குதிரை அறுக்க வேண்டும். விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கள் காலையில், பூபுயிரா நிலையத்துக்கு வந்தாள். துணிப்பையிலிருந்து கண்ணாடிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். நான்கு.

"விருந்துக்கு வந்திருக்கிற ரிஸ்பெக் டவுன்ல வாங்கிட்டு வந்தான். அவருக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போட்டுவிடு. மாடிப்படி ஏறின மாதிரி மூச்சு வாங்குது, எங்க வீட்ல மாடியே கிடையாது. வர்ற சனத்துக்கு முன்னாடி நான் நிக்கணுமில்ல" என்றாள்.

அனார்கான் மேசையைச் சுற்றி வந்து கீழே உட்கார்ந்தாள். பூபுயிராவின் காலுறையை இறக்கினாள். கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது, ஒரு கோலிக்குண்டை வைக்கலாம்.

"பாட்டில் வேண்டாம் அக்கா. நீர் இறங்க மாத்திரை தரேன். உப்பை நிறுத்துங்க. நாளைக்கே குடும்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"மாத்திரை எங்கிட்டயும் கிடக்கு, டப்பா நிறைய. நான் கேட்டது பாட்டில்."

"போடக் கூடாது அக்கா. விதி."

பூபுயிராவின் முகம் மாறியது. "அவருக்கு வீடு தேடி வந்து போட்டே. அப்ப இல்லாத விதி எனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு? ஆம்பிளை உசிருன்னா உசத்தியா?" என்றாள். பாட்டில்களைத் திரும்பப் பைக்குள் அடுக்கினாள். "வேண்டாம்னா போ. கீழூர்க்காரி வியாழக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கா. உங்கிட்ட முதல்ல கேட்கணும்னுதான் வந்தேன், நம்ம பொண்ணாச்சேன்னு."

அவள் போன பிறகு அனார்கான் நிலையத்தைப் பூட்டவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. வியாழன். மறுபடியும் வியாழன். கீழூர் நர்ஸிடம் போய் அந்த அம்மாவின் கால் இப்படி இருக்கிறது என்று சொன்னாள். "நீ போடாம இருந்துக்கோ, போடறவ வாயில ஏன் மண்ணைப் போடறே?" என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள். ரிஸ்பெக்கிடம் சொன்னாள். "அம்மா ஆசைப்படறாங்க அக்கா, வெறும் தண்ணிதானே" என்றான். வெறும் தண்ணி. உண்மை அவள் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள். சொன்னால் வேலை போகும், ஊர் போகும், ஜெயில்கூட வரலாம். சொல்லாவிட்டால் போகப்போவது பூபுயிராவின் உயிர். சரி எது என்று தெரியாமல் அவள் தவிக்கவில்லை. தெரிந்தும் மூன்று நாள் கால் நகரவில்லை. அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கம்.

வியாழன் காலை மெத்தைவிரிப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு போனாள். பூபுயிரா விரிப்பில் சாய்ந்து தயாராக இருந்தாள். ஆணியிலிருந்து சாட்டையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ரிஸ்பெக் நர்ஸை அழைத்துவரப் போயிருந்தான்.

அனார்கான் மேலங்கியை அவள் முன்னால் வைத்தாள். நின்றபடியே சொன்னாள். "அக்கா, அண்ணனைக் கொன்னது அந்தப் பாட்டில்தான். அவர் கால் வீங்கியிருந்தது எனக்குத் தெரியும். தண்ணி அவருக்கு விஷம்னும் எனக்குத் தெரியும், படிச்சிருக்கேன். தெரிஞ்சுதான் போட்டேன். விழாவுக்குப் போகணும்னு ஒரே நாள்ல ரெண்டு போட்டேன். தண்ணி நெஞ்சுல ஏறி மூச்சு முட்டித்தான் போனார். இப்ப உங்க காலும் அதே மாதிரி இருக்கு."

பூபுயிரா அழவில்லை. ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சக்கரத்தைத் திருகினது நான்."

அனார்கானுக்குப் புரியவில்லை.

"சூப்பு ஆறிக்கிட்டிருந்துச்சு. சீக்கிரம் முடியட்டும்னு அவர்தான் சொன்னார். நீ தொடாதேன்னுதான் சொல்லிட்டுப் போனே. நான் திருகிட்டேன். முழுசாத் திறந்துட்டேன். அதுக்கப்புறம்தான் அவருக்கு அப்படி ஆச்சு. ஒரு வருஷமா அனார், ஒரு வருஷமா நான்தான் கொன்னேன்னு படுக்கிறேன், நான்தான் கொன்னேன்னு எழுந்திரிக்கிறேன். உன் முகத்தைப் பார்க்க முடியாமத்தான் உனக்கு வெல்வெட் வாங்கிப் போர்த்தச் சொன்னேன்."

இங்கேதான் அனார்கானுக்கு ஒரு கதவு திறந்தது. அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் நின்றிருந்தாலே போதும், பாரத்தில் பாதி அந்தப் பக்கம் போய்விடும். அப்படி நிற்கத்தான் மனம் ஆசைப்பட்டது, ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சுக்காகவும் அவள் தன்னை மன்னிக்கவில்லை.

"இல்ல அக்கா. சக்கரம் செய்யல. மெதுவா இறங்கியிருந்தாலும் அதே தண்ணிதான். அந்த ரெண்டாவது பாட்டிலை நான் மாட்டியிருக்கவே கூடாது. உங்க கைக்கு அந்தச் சக்கரத்தைக் கொடுத்துட்டுத் துணி தேய்க்கப் போனதும் நான்தான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அப்போதுதான் பூபுயிராவுக்கு அழுகை வந்தது. தலைத்துணியை வாயில் அழுத்திக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். அனார்கான் கிட்டே போகவில்லை. கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? சுவரோரம் நின்றாள்.

அழுது முடித்துவிட்டு பூபுயிரா மேலங்கியைத் தள்ளினாள். "எடுத்துக்கோ. கொடுத்ததைத் திருப்பி வாங்கற வழக்கம் எங்க வீட்ல இல்ல. விருந்தன்னிக்கு இதைப் போட்டுக்கிட்டு வா. எங்கிட்ட சொன்னதை எல்லார்கிட்டயும் சொல்லு. எம்பிள்ளைங்க எதுக்காக உனக்குப் போர்த்தினாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்."

வாசலில் கார் சத்தம் கேட்டது. பூபுயிராவே எழுந்துபோய்க் கீழூர் நர்ஸைத் திருப்பி அனுப்பினாள். அப்புறம் சாட்டையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

விருந்தன்று அனார்கான் நீல வெல்வெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அழகாகத்தான் இருந்தது, பெண்கள் தொட்டுக்கூடப் பார்த்தார்கள். சாப்பிட்டு முடித்து, இறந்தவருக்காகக் கையேந்தும் நேரத்தில், பெரியவர்கள் ஒவ்வொருவராக மோல்தோகுலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்கள். அவள் எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் அன்று எழுந்த மாதிரியேதான். குரல் மட்டும் அன்றைய குரல் இல்லை. சொன்னாள். கால் வீங்கியிருந்தது, பார்த்தேன், போட்டேன், காகிதத்தில் மறைத்தேன், பாட்டிலைக் குழியில் எறிந்தேன். உங்களில் எத்தனை வீட்டுக்கு நான் வந்து போட்டிருக்கிறேன், யாருக்காவது கால் வீங்கினால் இனி யாரிடமும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ரிஸ்பெக் எழுந்தான். "அப்ப எங்க அப்பாவை நீங்கதான் கொன்னீங்களா?"

"ஆமா தம்பி, நான்தான் கொன்னேன்."

"அவருக்கு மூச்சுத் திணற ஆரம்பிச்சப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"வீட்ல. விழாவுக்குத் துணி தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்."

பெண்கள் வரிசையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பூபுயிராவின் கை நின்றது. சக்கரத்தைப் பற்றி அடுத்து வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அனார்கான் அதோடு நிறுத்திக்கொண்டாள். ரிஸ்பெக் அவளைத் தாண்டி வெளியே போனான். எங்கள் விருந்துகளில் அவரவர் பங்கு இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம்; அவள் பங்கை எடுத்துக்கொண்டு போகும்படி யாரும் சொல்லவில்லை. விருந்து வீட்டிலிருந்து வெறுங்கையோடு போன ஒரே ஆள் அன்று அவள்தான்.

சினாராவுக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள். விசாரணை வந்தது, கண்டனம் வந்தது, சான்றிதழ் சுவரிலிருந்து போயிற்று. அதைக் கழற்றிய சினாரா ஒரு வார்த்தை பேசவில்லை, அவர்தான் எதையும் இரண்டு முறை சொல்லாதவராயிற்றே. வேலையைப் பறிக்கவில்லை. இரக்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். கணவாய் தாண்டி எங்கள் ஊருக்கு வர வேறு ஆள் கிடைக்கவில்லை.

விருந்துக்கு அடுத்த திங்கள் காலை. நிலையத்தில் ஈ காக்கை இல்லை. அனார்கான் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பூபுயிரா வந்தாள். நலம் விசாரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, காலுறையை இறக்கி, காலை நீட்டினாள்.

"பாரு" என்றாள்.

அனார்கான் கீழே உட்கார்ந்து கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இருந்ததைவிட ஆழம் கம்மி. மாத்திரையைப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"அன்னிக்கு அவர் காலை இப்படி அழுத்திப் பார்த்தியா?"

"இல்ல அக்கா. கண்ணால பார்த்தேன். கை வைக்கல."

பூபுயிரா காலுறையை மெதுவாக ஏற்றிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள். "அடுத்த திங்களும் வருவேன். எனக்குக் கை வைச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.